பழைய காருக்குப் பொத்தான் ஸ்டார்ட்டர்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

முன்னுரை

ஓம் விதியை நாம் ஒன்பதாம் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அந்த விதி நம் வீட்டுச் சோற்றோடு தொடர்புடையது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நான் எண்ணியதில்லை. சென்ற மார்கழி மாதத்தில்தான் எண்ண நேர்ந்தது. அந்த அனுபவத்தையே இக்கட்டுரையில் என் தோழர் தோழியருக்கு ஒரு பாடமாகச் சொல்ல முற்படுகிறேன்.

என் தந்தையார் கார் ஓட்டுநர். எங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். கார், 1984இல் வாங்கிய அம்பாசிடர். 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றுபோயிற்று. ஆயினும் டாக்டர் ஐயா அந்தக் காரை விடவில்லை. காரோடு அப்பாவையும் விடவில்லை.

அப்பாவின் வலது மணிக்கட்டில் ஒரு பழைய முறிவு உண்டு. இளம் வயதில், வேறொருவரிடம் வேலை பார்த்தபோது, பேட்டரி இறங்கிய காரை ஹேண்டில் போட்டுச் சுழற்றியிருக்கிறார். ஹேண்டில் திருப்பி அடித்தது. எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் குளிர்காலந்தோறும் வந்து போயிற்று. சென்ற மார்கழியில் அது போகவில்லை. தேய்ந்துபோன சாவியை அழுத்தித் திருப்பி, எஞ்சின் பிடிக்கும்வரை ஸ்பிரிங்கை எதிர்த்துப் பிடித்திருக்க அவரால் இயலவில்லை. ஒரு நாள் காலை, டாக்டர் ஐயாவே இறங்கி வந்து இடக்கையால் திருப்பிக் கொடுத்தாராம். "போதும்ப்பா, வண்டியைக் கொடுத்துவிடலாம். நீயும் ஓய்வெடு" என்று அன்பாகத்தான் சொன்னார். அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு பாக்கி இருந்தது.

"சாவிக்குப் பதிலாகப் பொத்தான் வைத்தால் என்னப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் புது வண்டிக்கும்மா" என்றார் அப்பா. அங்கிருந்துதான் இந்தப் பாடம் தொடங்குகிறது.

பொத்தான் புதுமையா?

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. பொத்தானை அழுத்திக் காரைக் கிளப்புவது புதுமை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது சாவியைவிட மூத்தது. தொடக்கக் காலப் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் கைப்பிடியால் சுழற்றப்பட்டவையே. பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி விழுந்துவிட்டால் எரியும் வாயு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். உலகெங்கும் எத்தனையோ மணிக்கட்டுகள் அவ்வாறு முறிந்தன. என் அப்பாவுடையது அவற்றுள் பிந்தியது.

அமெரிக்காவின் டேட்டன் நகரைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங் இதற்கு வழி கண்டார். அவர் முன்பு கடைகளில் பணம் பெறும் இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். அந்த மோட்டார் ஒரு கணம் மட்டுமே உழைத்தால் போதும். எனவே சிறிய மோட்டாரிலிருந்து அதன் அளவை மீறிய வேலையைச் சிறிது நேரம் வாங்கலாம். இதே கருத்தைக் காருக்குப் பொருத்தினார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்கள் மின் ஸ்டார்ட்டருடன் வெளிவந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் காலால் மிதிப்பதும், குமிழை இழுப்பதும், பொத்தானை அழுத்துவதுமே வழக்கமாக இருந்தன. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரும் சுழலும் என்ற ஏற்பாடு 1949இல் கிறைஸ்லர் கார்களில் வந்து பின்னர் எங்கும் பரவியது. எனவே பழைய காருக்குப் பொத்தான் வைப்பது, ஒரு வகையில் அதன் தாத்தா காலத்து வழக்கத்துக்குத் திரும்புவதேயாகும்.

ஸ்டார்ட்டர் எவ்வாறு இயங்குகிறது?

கார் பேட்டரியில் ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட்; ஆகக் கூடி 12 வோல்ட். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பற்சக்கரம் எஞ்சினின் பறக்கும் சக்கரத்து வளையப் பற்களோடு இணைந்து அதைச் சுழற்றும். சிறு சக்கரம் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே வேகம் குறைந்து, திருப்புவிசை பெருகுகிறது.

இந்த மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் மிக அதிகம். நான் பஸ் நிலையத்தருகே உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். எஞ்சின் சுழலும்போது 150 ஆம்பியர்! அப்போது பேட்டரி முனைகளில் 10.5 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1575 வாட், அதாவது சுமார் இரண்டு குதிரைத்திறன். மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் கணத்தில் எதிர் மின்னியக்கு விசை இல்லாததால் மின்னோட்டம் இன்னும் பல மடங்கு பாயும்.

இவ்வளவு மின்னோட்டத்தை ஒரு சாவியோ பொத்தானோ தாங்குமா? தாங்காது. அதனால்தான் இடையில் சொலினாய்டு என்ற மின்காந்த இணைப்பி உள்ளது. அதன் சுருளுக்குச் சிறிதளவு மின்னோட்டம் கொடுத்தால் இரும்புத்தண்டு இழுபட்டு, தடித்த செம்புத் தொடுமுனைகளைச் சேர்த்துவிடும். சாவி செய்யும் வேலை, அந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பது மட்டுமே.

நோய் நாடல்

பொத்தான் வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நம் ஆய்வகத்தில் பேராசிரியர் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: முதலில் அளவு, பிறகு அபிப்பிராயம்.

சொலினாய்டுச் சுருளின் மின்தடை 3 ஓம். எனவே 12 வோல்ட்டில் அது 4 ஆம்பியர் எடுக்க வேண்டும். ஆனால் சாவியைத் திருப்பியபோது சாவி சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே 2.4 வோல்ட் காட்டியது. நல்ல சுவிட்சில் இது ஏறத்தாழச் சுழியாக இருக்க வேண்டும். சொலினாய்டுக்கு எஞ்சியது 9.6 வோல்ட். அதை 3 ஓமால் வகுத்தால் 3.2 ஆம்பியர். 2.4 வோல்ட்டை 3.2 ஆம்பியரால் வகுத்தால் 0.75 ஓம். அதாவது, நாற்பதாண்டுகளில் கருகிப்போன சுவிட்சின் தொடுமுனையே முக்கால் ஓம் மின்தடையாகி நின்றது! சாவியை வெகு நேரம் அழுத்திப் பிடிக்க நேர்ந்ததன் காரணம் இப்போது விளங்கியது. அப்பாவின் கை மட்டுமன்று, சுவிட்சும் களைத்திருந்தது.

ரிலே என்னும் உதவியாளன்

பொத்தானை நேரடியாகச் சொலினாய்டோடு இணைத்தால் அந்த 4 ஆம்பியரும் பொத்தான் வழியே போகும்; சுருளின் தூண்டலால் விடுபடும்போதெல்லாம் பொறி பறந்து, பொத்தானும் நாளடைவில் சாவியைப் போலவே கருகும். எனவே நடுவில் ஒரு ரிலே வைத்தேன். கார்களில் ஹார்னுக்கும் விளக்குக்கும் போடும் 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலேயே போதும். அதன் சுருளை அளந்தபோது 85 ஓம். எனவே அது எடுப்பது 0.14 ஆம்பியர்தான். பொத்தான் சுமக்க வேண்டிய மின்னோட்டம் இருபத்தெட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

ரிலேயின் அடியில் நான்கு முக்கிய முனைகள் உண்டு, எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 85, 86 இரண்டும் சுருளுக்கு உரியவை. 30, 87 இரண்டும் தொடுமுனைகள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் 30உம் 87உம் சேரும்.

செய்முறை

1. முதலில் கார் நியூட்ரலில் உள்ளதா என்று பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பிறகு பேட்டரியின் உடல் இணைப்பைக் கழற்ற வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் உடலில் பட்டவுடன் பெருமின்னோட்டம் பாய்ந்து கையைச் சுடும்.

2. சொலினாய்டில் பேட்டரியின் தடித்த ஒயர் வந்து சேரும் முனையிலிருந்து, 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 2.5 சதுர மி.மீ. ஒயரை ரிலேயின் 30ஆம் முனைக்குக் கொண்டுவர வேண்டும். ஃபியூஸ் மின்சாரம் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். தொலைவில் வைத்தால், இடையிலுள்ள ஒயர் உடலில் உரசும்போது காப்பாற்ற எதுவும் இராது.

3. சொலினாய்டுச் சுருளுக்குச் சாவியிலிருந்து வரும் பழைய ஒயரைக் கழற்றி, முனையில் உறை போட்டுச் சுருட்டிக் கட்டிவைக்க வேண்டும். வெட்டி எறியக் கூடாது. ரிலே என்றேனும் பழுதானால் வழியில் அதுவே துணை. அந்தச் சுருள் முனைக்கு ரிலேயின் 87ஐ இணைக்க வேண்டும்.

4. 86ஆம் முனைக்கு மின்சாரம், 85ஆம் முனையிலிருந்து பொத்தான் வழியாக வண்டி உடலுக்கு இணைப்பு. பொத்தான், அழுத்தும்வரை மட்டும் சேரும் வகையாக இருக்க வேண்டும். அழுத்தினால் அப்படியே நிற்கும் வகை கூடவே கூடாது.

5. ரிலேச் சுருளின் குறுக்கே ஒரு சிலிக்கன் டையோடை எதிர்த்திசையில் இணைக்க வேண்டும். மின்னோட்டம் அறும்போது சுருளில் தோன்றும் எதிர் மின்னழுத்தம் அதன் வழியே அடங்கிவிடும். டையோடின் கோடிட்ட முனை நேர்மின் பக்கம் இருக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய பிரிட்டிஷ் வகைக் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனை வண்டி உடலோடு இணைந்திருக்கும். அவற்றில் டையோடைத் திருப்பிப் போட வேண்டும்; இல்லையேல் முதல் அழுத்திலேயே அது கருகும்.

6. எஞ்சின் பகுதிக்கும் உள்பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இட்டே ஒயரை நுழைக்க வேண்டும்.

நான் செய்த பிழை

மேலே நான்காம் படியில் "86ஆம் முனைக்கு மின்சாரம்" என்று பொதுவாகச் சொன்னேன். அது எங்கிருந்து வர வேண்டும் என்பதில்தான் நான் தவறினேன். 30ஆம் முனை பக்கத்திலேயே இருந்ததால், அதிலிருந்தே ஒரு துண்டு ஒயரை 86க்கு இழுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினேன், ஸ்டார்ட்டர் சுழன்றது. அப்பா சாவியை இடக்கையால் எளிதாக முதல் நிலைக்குத் திருப்பி, பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்பினார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, டாக்டர் ஐயாவின் ஆறு வயதுப் பேரன் காரில் ஏறி விளையாடியிருக்கிறான். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. ஹேண்ட் பிரேக் சற்றுத் தளர்வு என்பதால் அப்பா காரை முதல் கியரில் நிறுத்தியிருந்தார். குழந்தை புதிய சிவப்புப் பொத்தானை அழுத்தினான். என் ரிலேக்குச் சாவி தேவையில்லையே! ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை இழுத்துச் சென்று, துளசி மாடத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தியது. பயந்து கையை எடுத்தான், அதனால் நின்றது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அப்பா காரின் அருகே பேசாமல் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் ஐயா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தவறு எங்கே என்று தெரிந்ததா?" என்று மட்டும் கேட்டார். "தெரிந்தது ஐயா" என்றேன். "அப்படியானால் சரிசெய்" என்றார். அந்தச் சொற்களை நான் மறக்க இயலாது.

திருத்தம் இதுதான். 86ஆம் முனைக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேரே வரலாகாது. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் இக்னிஷன் முனையிலிருந்து, ஒரு சிறு ஃபியூஸ் வழியாக வர வேண்டும். மேலும், பொத்தானுக்கும் உடலுக்கும் இடையில் கிளட்ச் மிதியில் ஒரு சுவிட்ச் வைத்தேன். பிரேக் விளக்கை எரியச் செய்யும் சுவிட்சைப் போன்றதே அது, மிதித்தால்தான் சேரும். இப்போது சாவி திரும்பியிருக்க வேண்டும், கிளட்ச் மிதிபட வேண்டும், பொத்தான் அழுத்தப்பட வேண்டும். மூன்றும் ஒருசேர நிகழ்ந்தாலொழிய ஸ்டார்ட்டர் அசையாது. மின்னணுவியல் வகுப்பில் நாம் படிக்கும் 'அண்ட்' கதவு என்பது இதுவேயன்றி வேறில்லை. அதை நான் தேர்வில் சரியாக எழுதியிருந்தேன்; காரில் எழுத மறந்துவிட்டேன்.

சாவியை முற்றிலும் நீக்கலாமா?

சாவியே இல்லாமல், சட்டைப் பையில் வில்லையை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாலே போதும் என்னும் பெட்டிகளும் இன்று விற்கின்றன. நாங்கள் அதை வாங்கவில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, அப்பெட்டி ஓடும்போது பழுதானால் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். எங்கள் ரிலே பழுதானாலோ, பெரும்பாலும் அடுத்த முறை கிளம்பாது என்பதோடு சரி. இரண்டாவது, ஸ்டியரிங்கைப் பூட்டும் சாவியுள்ள கார்களில் அந்தப் பூட்டை அரைகுறையாக நீக்கினால், ஓடும்போது அது விழுந்துவிடும் அபாயம் உண்டு. மூன்றாவது, பழைய காரின் தீப்பொறி அமைப்பு தொடர்பானது. எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் போடப்பட்டு, பாயிண்டுகளும் சேர்ந்த நிலையில் நின்றுவிட்டால், காயிலின் 3 ஓம் சுருளில் 4 ஆம்பியர் தொடர்ந்து பாயும். அது 48 வாட் வெப்பம். சால்டரிங் அயர்னுக்கு நிகரானது. சாவி திரும்பியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். பொத்தான் அழுத்தப்பட்டதா இல்லையா என்பது மறந்துபோகும்.

எனவே தீப்பொறிக்குச் சாவி, சுழற்றுவதற்குப் பொத்தான் என்று வேலையைப் பிரித்துக்கொடுப்பதே பழைய காருக்கு ஏற்றது. இன்னொன்றும் உண்டு. எஞ்சின் பிடித்த மறுகணமே விரலை எடுத்துவிட வேண்டும். ஓடும் எஞ்சினில் பொத்தானை அழுத்தினால் பற்கள் உடையும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றலாகாது. கெட்டரிங்கின் மோட்டார் சிறிது நேர உழைப்பாளி என்பதை மறக்கலாகாது.

அப்பாவின் கை

இத்தனைக்கும் பிறகு குளிர்ந்த காலைகளில் எஞ்சின் மந்தமாகவே சுழன்றது. பேட்டரியைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. ரிலேயைச் சோதித்தேன், அதுவும் சரி. நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா வந்து, "நீ பொத்தானை அழுத்தும்மா" என்றார். பானெட்டைத் திறந்து, நான் அழுத்தி முடித்ததும் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எஞ்சினையும் வண்டி உடலையும் இணைக்கும் பின்னல் பட்டை அருகே கை நின்றது. "இங்கே சுடுது பாரு" என்றார்.

மீட்டரை வைத்தேன். அந்தப் பட்டையின் இரு முனைகளுக்கிடையே மட்டும் 0.9 வோல்ட் வீணாயிற்று. 150 ஆம்பியரால் வகுத்தால் 0.006 ஓம். ஓர் ஓமில் ஆயிரத்தில் ஆறு பங்கு! சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் அது சுழி என்றே தெரியும். ஆனால் மின்னோட்டத்தின் இருபடியை மின்தடையால் பெருக்கிப் பாருங்கள்: 135 வாட். அந்த வெப்பத்தைத்தான் அப்பாவின் விரல் கண்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். ஜூல் என்ற பெயரை அவர் கேட்டதில்லை; ஜூலின் விதியை நாற்பது ஆண்டுகளாகக் கையால் படித்துவருகிறார்.

பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முடுக்கினோம். 0.9 வோல்ட் 0.2 ஆகக் குறைந்தது. அடுத்த நாள் விடியற்காலை, கிளட்சை மிதித்து ஒரு விரலால் அழுத்தினார். எஞ்சின் உடனே பிடித்தது.

முடிவுரை

மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்கும் குறைவே. செய்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். இணைப்பு வரைபடம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையிட்டுக் காரின் முன் பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளை அந்தக் காரைத் தொடும் மெக்கானிக் எனக்குச் சாபம் கொடுக்கக் கூடாதல்லவா?

தோழர்களே! நம்மில் பலர் என்னைப் போலவே வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நம் பெற்றோருக்குத் தெரியாத பலவற்றை நாம் படிக்கிறோம் என்ற எண்ணம் நமக்குள் மெல்லப் புகுந்துவிடுகிறது. எனக்கும் புகுந்திருந்தது. அவருக்குச் சூட்டின் இடம் தெரியும்; எனக்கு அதன் அளவு தெரியும். இரண்டும் சேர்ந்தபோதுதான் கார் கிளம்பியது. ஆகவே இந்த விடுமுறையில் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, உங்கள் தந்தையோ தாயோ நாள்தோறும் கையாளும் ஓர் இயந்திரத்தின் அருகே சென்று நில்லுங்கள். முதலில் அவர்களைப் பேச விடுங்கள். பிறகு அளந்து பாருங்கள்.

டாக்டர் ஐயா காரை விற்கவில்லை. அப்பா இன்றும் அதைத்தான் ஓட்டுகிறார்.